தீவிர சிகிச்சைப் பிரிவில் இறுதிக்காலப் பராமரிப்பு: சென்னையை முன்வைத்து ஒரு வரலாறு

தீவிர சிகிச்சைப் பிரிவில் இறுதிக்காலப் பராமரிப்பு என்பது, குணமாகும் வாய்ப்பு இல்லை என்று மருத்துவர்கள் உறுதிசெய்த நோயாளிக்கு அளிக்கப்படும் ஒரு மருத்துவ முறையாகும். சாவைத் தள்ளிப்போட மட்டுமே பயன்படும் கருவிகளையும் மருந்துகளையும் தொடங்காமல் விடுவது, அல்லது தொடங்கியிருந்தால் நிறுத்துவது இதன் ஒரு பகுதி. வலி, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவற்றைத் தணித்து, குடும்பத்தார் அருகிலிருக்க அவர் இறப்பதற்கு வழிசெய்வது இதன் மறுபகுதி. முதல் பகுதி மட்டும் நடந்தால் அது கைவிடுதல் ஆகும்; இரண்டும் சேர்ந்தால்தான் பராமரிப்பு.

இந்திய மருத்துவமனைகளில் நெடுங்காலம் இரண்டு வழிகளே இருந்தன. கடைசி நிமிடம் வரை எல்லாக் கருவிகளையும் இயக்குவது ஒன்று. குடும்பத்தார் கையெழுத்திட்டு நோயாளியை வீட்டுக்குக் கொண்டுசெல்வது மற்றொன்று. மூன்றாவது வழி, அதாவது மருத்துவமனையிலேயே வேதனையின்றி இறக்கும் வழி, கடந்த இருபது ஆண்டுகளில் மருத்துவர்களின் முயற்சியாலும் நீதிமன்றத் தீர்ப்புகளாலும் மெல்ல உருவாகியுள்ளது.

இந்த வரலாற்றில் சென்னையின் தேனாம்பேட்டைக்கு ஓர் இடம் உண்டு. அண்ணா சாலையை ஒட்டியுள்ள டி.எம்.எஸ். வளாகத்தில் தமிழக அரசின் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்குநரகம் இயங்குகிறது. 2008-ஆம் ஆண்டு தமிழகத்தையே பேசவைத்த உறுப்புக் கொடை நிகழ்வும் தேனாம்பேட்டை மருத்துவமனை ஒன்றிலிருந்தே தொடங்கியது.

ஐ.சி.யு.வின் தோற்றம்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வரலாறு டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் தொடங்குகிறது. 1952-ல் அங்கு இளம்பிள்ளைவாதம் கொள்ளைநோயாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்த நிலையில் பிளெக்டாம் மருத்துவமனைக்கு முதலில் வந்த 31 பேரில் 27 பேர் மூன்று நாள்களுக்குள் இறந்தனர். அப்போது மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். அதன்பின் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் நோயாளிகளின் அருகில் அமர்ந்து பையை அழுத்தினர். இறப்பு விகிதம் வெகுவாகக் குறைந்தது. 1953-ல் இப்சன் அதே நகரில் இதற்கெனத் தனிப்பிரிவு ஒன்றைத் தொடங்கினார்.

மாணவர்களின் கைகள் செய்த வேலையை விரைவில் இயந்திரங்கள் ஏற்றன. அவையே இன்று வென்டிலேட்டர் எனப்படும் செயற்கைச் சுவாசக் கருவிகள். தற்காலிகமாக மூச்சு நின்றவரைக் காப்பதற்காகப் பிறந்த கருவி, இனி ஒருபோதும் தானாக மூச்சுவிட முடியாதவரையும் நாள்கணக்கில் வைத்திருக்க முடிந்தது. எப்போது நிறுத்துவது என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது. 1957 நவம்பரில் மயக்கவியல் மருத்துவர்கள் இதையே போப் பன்னிரண்டாம் பயசிடம் கேட்டனர். வழக்கத்துக்கு மிஞ்சிய கருவிகளைக் கொண்டு உயிரை நீட்டிக்கும் கட்டாயக் கடமை மருத்துவருக்கு இல்லை என்று அவர் விடையளித்தார். 1959-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் மொலாரே, கூலோன் இருவரும் மீளவே முடியாத ஆழ்மயக்க நிலையை விவரித்தனர். 1968-ல் ஹார்வர்டு குழு மூளைச்சாவுக்கான அளவுகோல்களை வெளியிட்டது.

1976-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி உச்ச நீதிமன்றம், நினைவு திரும்பாத இளம்பெண் கேரன் ஆன் குயின்லனின் வென்டிலேட்டரை நீக்கக் கேட்ட பெற்றோரின் கோரிக்கையை ஏற்றது. கருவி நீக்கப்பட்ட பின்னரும் அவர் தானாக மூச்சுவிட்டு 1985 வரை உயிருடன் இருந்தார். கருவியை நிறுத்துவதும் உயிரைப் பறிப்பதும் ஒன்றல்ல என்பதை அவ்வழக்கு உலகுக்குக் காட்டியது.

வீட்டுச் சாவும் மருத்துவமனைச் சாவும்

தமிழர் வாழ்வில் இறப்பு வீட்டில் நிகழ்வது. மூச்சு இழுத்துக்கொண்டிருப்பவரைச் சுற்றி உறவினர் கூடுவதும், வெளியூரிலிருக்கும் மகனோ மகளோ வந்துசேரக் காத்திருப்பதும், வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றுவதும் இன்றும் பல ஊர்களில் காணப்படும் வழக்கங்கள். போகிறவர் யார் கையால் கடைசி நீர் அருந்தினார் என்பது தலைமுறைகள் தாண்டியும் பேசப்படும்.

1983-ல் சென்னை கிரீம்ஸ் சாலையில் அப்பல்லோ மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதைத் தொடர்ந்து தென் சென்னையிலும் மத்திய சென்னையிலும் தனியார் பெருமருத்துவமனைகள் பெருகின. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தீவிர சிகிச்சைப் படுக்கைகள் கூடின. விபத்து, மாரடைப்பு, நச்சுக்கடி ஆகியவற்றில் முன்பு இறந்திருக்கக்கூடிய எண்ணற்றோர் இதனால் பிழைத்தனர்.

ஆனால் பிழைக்க வழியில்லாதவர்களும் அதே கதவுக்குள் சென்றனர். முற்றிய புற்றுநோயாளியும், எல்லா உறுப்புகளும் செயலிழந்த முதியவரும் குழாய்களுக்கும் ஒலியெழுப்பும் திரைகளுக்கும் நடுவே தனியாக இறந்தனர். குடும்பத்தாருக்குக் காலையில் சில நிமிடம், மாலையில் சில நிமிடம் பார்வை நேரம் கிடைத்தது. பால் ஊற்ற வேண்டிய வாயில் குழாய் இருந்தது.

செலவும் குடும்பத்தின் தலையில் விழுந்தது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலுத்திய பங்கு 2013-14-ல் 64.2 விழுக்காடு என்று தேசிய சுகாதாரக் கணக்குகள் காட்டின. 2021-22-ல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. நகையை அடகு வைத்தும் நிலத்தை விற்றும் கட்டணம் செலுத்தும் குடும்பத்துக்கு, இனிப் பயனில்லை என்ற உண்மை தாமதமாகச் சொல்லப்படுவது இரட்டை இழப்பாகிறது.

'ஏ.எம்.ஏ.' கையெழுத்து

மருத்துவரின் அறிவுரைக்கு மாறாக நோயாளியை அழைத்துச் செல்கிறோம் என்று குடும்பத்தார் கையெழுத்திடும் படிவம், தமிழக மருத்துவமனைகளில் 'ஏ.எம்.ஏ.' என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. மருத்துவர் பேச்சைக் கேளாமல் செல்பவர்களுக்காக ஏற்பட்ட படிவம் இது. நடைமுறையிலோ, மருத்துவரே இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சாடையாகச் சொன்ன பிறகு கையெழுத்திடப்படுவதாக மாறியது.

அதன்பின் நடப்பது தமிழகத்தில் பலரும் அறிந்ததே. நோயாளி ஆம்புலன்சில் ஏற்றப்படுவார். உதவியாளர் ஒருவர் வழிநெடுக 'அம்பு' பையை அழுத்திக்கொண்டே வருவார். டென்மார்க்கின் ஹென்னிங் ரூபன் 1956-ல் உருவாக்கிய தானாக விரியும் பை அது. கோபன்ஹேகனில் உயிரைக் காப்பதற்காகத் தொடங்கிய அதே செயல், இங்கு வீட்டு வாசல் வரை மூச்சை இழுத்துப்பிடிப்பதற்குப் பயன்பட்டது. வீடு சேர்ந்ததும் குழாய் எடுக்கப்படும். வலிக்கு மருந்தோ மூச்சுத்திணறலுக்கு ஊசியோ தருவதற்கு அங்கு எவரும் இருப்பதில்லை.

இதற்குக் காரணம் மருத்துவர்களின் இரக்கமின்மை அன்று, அச்சமே. வென்டிலேட்டரை நிறுத்தினால் அது கொலையாகவோ தற்கொலைக்கு உடந்தையாகவோ கருதப்படுமோ என்பது எவருக்கும் தெளிவாக இல்லை. குடும்பத்தார் கையெழுத்திட்டால் முடிவு அவர்களுடையதாகிவிடும், மருத்துவமனை தப்பிவிடும். ஆனால் 'அப்பாவை நான்தான் வெளியே கொண்டுவந்தேன்' என்ற குற்ற உணர்வைக் கையெழுத்திட்டவர் வாழ்நாள் முழுதும் சுமக்க நேர்ந்தது.

மூளைச்சாவும் தேனாம்பேட்டை நிகழ்வும்

கருவியை நிறுத்துவது பற்றிய சட்டத்தெளிவு இந்தியாவில் முதலில் வந்தது உறுப்பு மாற்றுச் சிகிச்சையின் வழியாகத்தான். சிறுநீரக வணிகம் நாடெங்கும் பெருகிய நிலையில், நாடாளுமன்றம் 1994-ல் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. சென்னையில் வில்லிவாக்கம் 'கிட்னிவாக்கம்' என்று கேலிப்பெயர் பெற்றிருந்த காலம் அது. இச்சட்டம் மூளைத்தண்டுச் சாவைச் சாவாக ஏற்றது. நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்து அதை உறுதிசெய்ய வேண்டும்.

சட்டம் வந்தும் பல ஆண்டுகள் பெரிய மாற்றம் இல்லை. 2008-ல் தமிழக அரசு இறந்தோர் உறுப்பு மாற்றுத் திட்டத்தைத் தொடங்கி, உறுப்புகளைப் பகிர்வதற்கான விதிகளை ஆணைகளாக வெளியிட்டது. அவ்வாண்டு செப்டம்பரில், மருத்துவத் தம்பதியரின் 15 வயது மகன் ஹிதேந்திரன் இருசக்கர வாகன விபத்தில் தலையில் காயமடைந்து தேனாம்பேட்டை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவருக்கு மூளைச்சாவு ஏற்பட்டது உறுதியானதும் பெற்றோர் உறுப்புகளைக் கொடையளிக்க முன்வந்தனர். செப்டம்பர் 23 அன்று அவருடைய இதயம், போக்குவரத்துக் காவல் துறை ஒழுங்குசெய்த வழியில் 11 நிமிடங்களில் முகப்பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிறுமி ஒருத்திக்குப் பொருத்தப்பட்டது. மலையாளத்தில் 'டிராஃபிக்' (2011), தமிழில் 'சென்னையில் ஒரு நாள்' (2013) ஆகிய திரைப்படங்களுக்கு இந்நிகழ்வு தூண்டுதலாக அமைந்தது.

அந்த 11 நிமிடப் பயணமே மக்கள் நினைவில் நிற்கிறது. இறுதிக்காலப் பராமரிப்பின் வரலாற்றில் முக்கியமானது அதற்கு முந்தைய பகுதி. இதயம் துடித்துக்கொண்டிருக்கும் மகன் இறந்துவிட்டான் என்பதைப் பெற்றோர் புரிந்து ஏற்றதும், அதற்குச் சட்டத்தில் ஒரு நடைமுறை இருந்ததும், முடிவைக் குற்ற உணர்வின்றி எடுக்க முடிந்ததும் தமிழகம் முழுவதும் பேசப்பட்டது. மூளைச்சாவு என்ற சொல் செய்தித்தாள் படிப்போர் அனைவருக்கும் அறிமுகமாயிற்று.

இதற்குப் பின்னால் மற்றொரு பணியும் இருந்தது. சென்னையில் தொடங்கப்பட்ட மோகன் அறக்கட்டளை, துயரத்தில் இருக்கும் குடும்பத்துடன் பேசுவதற்கென உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர்களுக்குப் பயிற்சி அளித்தது. 2011-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் அத்தகைய ஒருங்கிணைப்பாளரை நியமிப்பதைக் கட்டாயமாக்கியது. ஐ.சி.யு. வாசலில் கெட்ட செய்தியைச் சொல்வது பயிற்சி தேவைப்படும் தனித்திறன் என்று இந்திய மருத்துவமனைகள் உணர்ந்த தொடக்க இடங்களுள் இதுவும் ஒன்று. செப்டம்பர் 23 தமிழகத்தில் உறுப்புக் கொடை நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்குகள் அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று 2023-ல் அதே நாளில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார்.

அடுத்த படுக்கையில் இருப்பவர்

இந்த முன்னேற்றம் ஒரு முரண்பாட்டையும் வெளிக்காட்டியது. மூளைச்சாவு அடைந்தவரின் குடும்பம் உறுப்புகளைக் கொடுக்கச் சம்மதித்தால் தெளிவான சட்டவழி இருந்தது. சம்மதிக்காவிட்டால், அதே நிலையில் உள்ளவரின் வென்டிலேட்டரை நிறுத்தலாமா என்பதில் குழப்பம் நீடித்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் உறுப்பு மாற்றுக்காக இயற்றப்பட்டது; அதற்கு வெளியே அது எதையும் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஒரே பிரிவில் அடுத்தடுத்த படுக்கைகளில் இருக்கும் இருவருள் ஒருவர் சட்டப்படி இறந்தவர், மற்றவர் கருவியில் தொடர்பவர் என்ற நிலை ஏற்பட்டது. கேரள அரசு 2020 ஜனவரியில், உறுப்புக் கொடை இல்லாவிட்டாலும் மூளைச்சாவைச் சான்றளித்துக் கருவிகளை நிறுத்தலாம் என்று வழிமுறை வெளியிட்டது.

ஐ.சி.யு.வில் இறப்போரில் பெரும்பாலோர் மூளைச்சாவு அடைந்தவர்கள் அல்லர். முற்றிய நோயாலும் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தும் இறப்பவர்களே மிகுதி. அவர்களுக்கான வழி நீதிமன்றங்களில்தான் பிறந்தது.

நீதிமன்றத் தீர்ப்புகள்

1996-ல் கியான் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, உயிர்வாழும் உரிமையில் சாகும் உரிமை அடங்காது என்று தீர்ப்பளித்தது. அதேவேளை, கண்ணியத்துடன் வாழும் உரிமை இயற்கையான முடிவு வரை நீள்கிறது, கண்ணியமான இறப்பும் அதில் அடங்கும் என்றும் குறிப்பிட்டது. பிற்காலத் தீர்ப்புகள் இந்தக் குறிப்பின் மேலேயே எழுந்தன.

மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பர் 27 அன்று ஊழியர் ஒருவரால் தாக்கப்பட்டு நினைவிழந்தார். அவருக்கு உணவளிப்பதை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அருணாவைப் பல்லாண்டுகள் பராமரித்துவந்த மருத்துவமனை ஊழியர்கள் அவர் வாழ வேண்டும் என்று விரும்பியதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஆனால் தக்க வழக்குகளில் உயர் நீதிமன்ற அனுமதியுடன் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்தலாம் என்ற விதி பிறந்தது. அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவால் இறந்தார்.

ஐ.சி.யு.வில் முடிவுகள் மணிக்கணக்கில் எடுக்கப்படுகின்றன. உயர் நீதிமன்றத்தை அணுகுவது நடைமுறையில் இயலாதது. காமன் காஸ் என்ற அமைப்பு 2005-லேயே தொடுத்திருந்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்துடன் இறப்பது அடிப்படை உரிமையின் பகுதி என்று அறிவித்தது. 'லிவிங் வில்' எனப்படும் முன்கூட்டிய மருத்துவ உயிலையும் ஏற்றது. தனக்கு நினைவு தப்பி மீள வழியில்லாத நிலை ஏற்பட்டால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் நலமாக இருக்கும்போதே எழுதிவைப்பது இது.

ஆனால் 2018-ஆம் ஆண்டு நடைமுறை கடினமானது. உயிலில் நீதித்துறை நடுவர் கையெழுத்திட வேண்டும். மருத்துவமனைக் குழுவின் முடிவை, மாவட்ட ஆட்சியர் அமைக்கும் மற்றொரு குழு ஆராய வேண்டும். குழு உறுப்பினர்களுக்கு 20 ஆண்டு அனுபவம் வேண்டும். பின்னர் நடுவர் நேரில் வந்து பார்க்க வேண்டும். இதை எளிமையாக்கக் கோரி இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் 2019-ல் மனு செய்தது. 2023 ஜனவரி 24 அன்று நீதிபதி கே.எம்.ஜோசப் தலைமையிலான அமர்வு விதிகளை மாற்றியது. அதன்படி:

- உயிலை இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெற்றால் போதும். எழுதுபவரின் சார்பில் முடிவெடுக்க ஒன்றுக்கு மேற்பட்டோரையும் அதில் குறிப்பிடலாம்.
- சிகிச்சை அளிக்கும் மருத்துவரும், குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரு வல்லுநர்களும் கொண்ட முதல் குழு, இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துரைக்கும்.
- மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இடம்பெறும் இரண்டாம் குழுவை மருத்துவமனையே அமைக்கும். அதற்கும் 48 மணி நேரம்.
- நடுவருக்குத் தகவல் தெரிவித்தால் போதும். அவர் நேரில் வரத் தேவையில்லை.
- உயில் எழுதாதவர்களுக்கும் குடும்பத்தாரின் சம்மதத்துடன் இதே வழி பொருந்தும்.

இரண்டு குழுக்கள் எதற்கு என்ற கேள்விக்குத் தமிழகத்திலேயே விடை உண்டு. தென்மாவட்டங்கள் சிலவற்றில் முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து இறக்கச்செய்யும் 'தலைக்கூத்தல்' என்ற வழக்கம் பற்றிய செய்திகள் வெளிவந்துள்ளன. அங்கு நோயாளியின் விருப்பத்தைக் கேட்பார் இல்லை. சுமை குறைவதே நோக்கம். அத்தகைய முடிவு மருத்துவமனைக்குள் நுழைந்துவிடாமல் தடுப்பதே குழுக்களின் பணி.

தமிழில் இவ்விவாதம் பெரும்பாலும் 'கருணைக்கொலை' என்ற ஒற்றைச் சொல்லால் குறிக்கப்படுவது புரிதலுக்குத் தடையாகிறது. ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் அன்றும் இன்றும் குற்றம். பயனற்ற சிகிச்சையை நிறுத்தும்போது இறப்புக்குக் காரணம் நோய்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2018-ல் வெளியிட்ட சொல்விளக்க ஆவணம் இந்த வேறுபாட்டையே வலியுறுத்தியது.

மருத்துவர்கள் வகுத்த வழிகாட்டுதல்கள்

நீதிமன்றத்துக்கு முன்பே மருத்துவர்கள் இதைப் பேசத் தொடங்கியிருந்தனர். 1993-ல் தொடங்கப்பட்ட இந்தியத் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம், மருத்துவர் ஆர்.கே.மணி முதலியோரின் முயற்சியால் 2005-ல் முதல் வழிகாட்டுதலை வெளியிட்டது. 2012-ல் அது திருத்தப்பட்டது. 2014-ல் இந்திய வலி தணிப்புச் சிகிச்சைச் சங்கத்துடன் இணைந்து கூட்டுக் கொள்கை வெளியானது. இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல வேண்டாம் என்ற முடிவை எப்படிப் பதிவுசெய்வது என்பதற்கான வழிகாட்டுதலை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் தந்தது.

இவற்றின் சாரம் எளியது. குணமாகாது என்ற முடிவை ஒரு மருத்துவர் தனியாக எடுக்கக் கூடாது. குடும்பத்தாருடன் ஒருமுறை அல்ல, பலமுறை உட்கார்ந்து பேச வேண்டும். நோயாளி இருந்திருந்தால் என்ன விரும்பியிருப்பார் என்று கேட்க வேண்டும். 'நீங்கள் என்ன சொல்கிறீர்கள்' என்று முடிவின் சுமையை அவர்கள் மீது இறக்கிவிடக் கூடாது. கருத்து வேறுபாடு இருந்தால் அது தீரும் வரை சிகிச்சை தொடர வேண்டும். எடுத்த முடிவு கோப்பில் எழுதப்பட வேண்டும்.

முடிவுக்குப் பின் வேலை குறைவதில்லை, மாறுகிறது. தேவையற்ற இரத்தப் பரிசோதனைகளும் ஊசிக்குத்தல்களும் நிறுத்தப்படும். திரையின் ஒலி அணைக்கப்படும். மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் மார்ஃபின், பதற்றத்துக்கு மிடாசோலம் போன்ற மருந்துகள் அளவறிந்து தரப்படும். வாய் ஈரப்படுத்தப்படும். பார்வை நேரக் கட்டுப்பாடு தளர்த்தப்படும். மதச் சடங்குக்கு இடம் தரப்படும். வென்டிலேட்டரை நீக்குவதானால், திணறல் ஏற்படாதபடி முன்பே மருந்து கொடுத்த பிறகே நீக்கப்படும். வாயில் பால் ஊற்றும் வழக்கத்துக்கும் இங்கு இடமுண்டு. ஈரப்பஞ்சால் உதடுகளைத் தொடுவதைச் செவிலியர் உதவியுடன் மகளோ மகனோ செய்யலாம்.

இப்பணியில் பெரும்பகுதி செவிலியர்களுடையது. அவர்களின் பணிநிலையும் இப்பராமரிப்பின் தரத்தை முடிவுசெய்கிறது. 2017 நவம்பரில், மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியாற்றிய தமிழக அரசு ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கோரித் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டம் நடத்தினர். இறப்பவரின் அருகில் அரை மணி நேரம் இருப்பதற்குச் செவிலியருக்கு நேரம் வேண்டும். நேரத்துக்கு ஆள்பலம் வேண்டும்.

வலி தணிப்புச் சிகிச்சை

ஐ.சி.யு.வுக்கு வெளியே வளர்ந்த வலி தணிப்புச் சிகிச்சையே உள்ளே நடக்கும் மாற்றத்துக்கு அறிவைத் தந்தது. 1967-ல் சிசிலி சாண்டர்ஸ் லண்டனில் புனித கிறிஸ்டோபர் காப்பகத்தைத் தொடங்கினார். மும்பையில் 1986-ல் சாந்தி அவேதனா சதன் உருவானது. 1993-ல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம்.ஆர்.ராஜகோபால், சுரேஷ் குமார் முதலியோர் தொடங்கிய வலி தணிப்பு மையம், கேரளம் 2008-ல் தனிக்கொள்கை வகுக்க வழிவகுத்தது. சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1954 முதல் இயங்குகிறது. முற்றிய புற்றுநோயாளிகளுக்கான ஜீவோதயா காப்பகம் 1990களில் மணலியை அடுத்த மாத்தூரில் உருவானது.

1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடிகளால் மார்ஃபின் கிடைப்பது அரிதாயிற்று. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றைத் தளர்த்தியது. இறக்கும் காலப் பராமரிப்பின் தரம் குறித்து எக்கனாமிஸ்ட் ஆய்வுப் பிரிவு 2010-ல் வெளியிட்ட பட்டியலில் 40 நாடுகளுள் இந்தியா கடைசி இடத்திலும், 2015-ல் 80 நாடுகளுள் 67-ஆம் இடத்திலும் இருந்தது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. வீடு திரும்ப விரும்பும் நோயாளிக்கு இது முக்கியமானது. மருந்தும் செவிலியரும் வீட்டுக்கு வருவது உறுதியானால், ஏ.எம்.ஏ. கையெழுத்து என்பது கைவிடுதலாக இராமல் முறையான வழியனுப்புதலாக மாற இயலும்.

கொரோனா காலம்

2020, 2021 ஆண்டுகளில் ஐ.சி.யு. மரணம் எல்லோர் வீட்டுக் கதையாயிற்று. 2021 மே மாதம் படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் வந்த அழைப்புகளை, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் அமைந்த 'வார் ரூம்' எனப்பட்ட கட்டளை மையம் இரவு பகலாகக் கையாண்டது. தொற்று அச்சத்தால் குடும்பத்தார் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. செல்பேசித் திரையில் கடைசி முகத்தைப் பார்த்தவர் பலர். அதுவும் வாய்க்காதவர் அதனினும் பலர். உடனிருப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை, அது மறுக்கப்பட்ட அக்காலம் உணர்த்தியது.

இன்றைய நிலை

மத்திய சுகாதார அமைச்சகம் 2024 தொடக்கத்தில் அறியவந்த ஐ.சி.யு. அனுமதி வழிகாட்டுதலில், நோயாளியோ குடும்பத்தாரோ மறுத்தால் ஐ.சி.யு.வில் சேர்க்கக் கூடாது என்று கூறியது. 2024 செப்டம்பரில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவது குறித்த வரைவு வழிகாட்டுதலைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. கர்நாடக அரசு 2025 ஜனவரி 30 அன்று, உச்ச நீதிமன்ற நடைமுறையை மாநில மருத்துவமனைகளில் செயல்படுத்தச் சுற்றறிக்கை பிறப்பித்தது. 2019 முதல் மருத்துவ இளநிலைப் பாடத்திட்டத்தில் நோயாளியுடன் பேசும் திறனுக்கும் அறநெறிக்கும் தனிப்பகுதி சேர்க்கப்பட்டுள்ளது.

ஆணைகளும் படிவங்களும் மட்டும் போதா என்பதற்கு அமெரிக்காவின் 'சப்போர்ட்' ஆய்வு சான்று. ஐந்து மருத்துவமனைகளில் 9,105 நோயாளிகளிடம் நடந்து 1995-ல் வெளியான அவ்வாய்வில், நோயின் போக்கு பற்றிய கணிப்பு மருத்துவர்களுக்குத் தரப்பட்டது. குடும்பத்துடன் பேசத் தனிச் செவிலியரும் நியமிக்கப்பட்டனர். ஆயினும் மருத்துவமனையின் வழக்கங்கள் மாறவில்லை, வலியும் குறையவில்லை. பிரிவின் அன்றாட நடைமுறையே மாறினால்தான் பயன் உண்டு என்பது அதிலிருந்து பெறப்பட்ட பாடம்.

2008-ல் தேனாம்பேட்டையில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தவை மூன்று: தெளிவான மருத்துவ உண்மை, அதை ஏற்கும் சட்டம், குற்ற உணர்வின்றி விடைபெறும் வாய்ப்பு. உறுப்புக் கொடைக்காகத் திறந்த அந்த வழி, 2018, 2023 தீர்ப்புகளால் அடுத்த படுக்கையில் இருப்பவருக்கும் சட்டத்தில் திறந்துவிட்டது. அங்கு உடல் கொடையாவதில்லை, அரசு மரியாதை இல்லை, செய்தியும் ஆவதில்லை. வலியில்லாத மூச்சும், கைபிடிக்க ஓர் உறவும், உண்மையைச் சொல்லும் மருத்துவரும் அவருக்கும் கிடைப்பதே இந்த வரலாற்றில் இன்னும் முடியாத பகுதி.